கைப்பெயர்

என் மகளின் பெயருக்கு ஒரு கூரியர் கம்பெனி விலை சொன்னது. ஒரு புதுக் காரின் விலை. பெரிய கார் அல்ல, ஆனாலும் புதுசு. தாங்கள் வாங்குவது ஒரு பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது. விற்கிறவளுக்கும் அப்போது தெரியாது. இரண்டு பக்கமும் சரக்கு இன்னதென்று அறியாமல் விலை பேசுவது வியாபாரத்தில் அபூர்வம். ஒரு பக்கம் அறியாமல் இருப்பதுதான் வழக்கம். அதில்தான் எங்களைப் போன்றவர்கள் குடும்பம் நடத்துகிறோம்.

நான் டைல்ஸும் குழாயும் விற்கிறவன். மகள் விற்பது அசைவு. திரையில் எழுத்து நழுவி வந்து நிற்கிறதே, ஒரு கம்பெனியின் சின்னம் சுருண்டு விரிகிறதே, அதைச் செய்கிற மோஷன் கிராஃபிக்ஸ்காரி. முதன்முதலில் அவள் விளக்கியபோது, “எழுத்தை ஆட்டுறதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டினேன்?” என்று கேட்டேன். “ஆட்டுறது சுலபம்பா. சரியான இடத்துல நிறுத்துறதுக்குத்தான் காசு,” என்றாள். விலையை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் கடையைத் தொலைத்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

என் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்செல்லாம் கைதான். அவள் கடையில் உட்கார்ந்தால் பேரம் சீக்கிரம் முடியும். வாங்க வந்தவர் பேசிப் பேசித் தொண்டை வறண்டுபோவார். இவள் உள்ளங்கையை ஒரு முறை கவிழ்ப்பாள். அதற்கு மேல் ஒரு பைசா இறங்காது. அவள் கையால் சொன்னதை இங்கே வாய்ப்பேச்சாக எழுதுகிறேன். சைகையில் நீ, நீங்க என்ற வித்தியாசம் கிடையாது. விரல் என்னை நோக்கி நீண்டால் அது நான், அவ்வளவுதான். மரியாதையை எழுதும்போது நானாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் டிவிக்குச் சத்தம் வைப்பதில்லை. ஒருத்திக்குக் கேட்காததை மற்றவர்கள் மட்டும் கேட்பானேன் என்று பழகிப்போனது. மகள் வளர்ந்தது அந்தச் சத்தமில்லாத டிவிக்கு முன்னால்தான். உதட்டசைவைப் பார்த்து, யார் என்ன பேசுகிறார்கள் என்று அம்மாவுக்குச் சொல்லும் வேலை அவளுடையது. தெரியாத இடத்தில் சொந்தமாகக் கதை கட்டிவிடுவாள். ஆனால் படம் தொடங்கும்போது பெயர்கள் வரும் பாருங்கள், அப்போது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் பார்ப்பாள். இன்றைக்கும் அவளுடைய ஸ்டூடியோவில் எல்லா வேலையையும் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் செய்கிறாள். சத்தம் இல்லாமல் நிற்காத அசைவு சத்தத்தோடும் நிற்காதாம்.

எங்களுக்கெல்லாம் கைப்பெயர் உண்டு. சைகையில் ஒவ்வொரு ஆளையும் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆளுக்கு ஓர் அசைவு வைத்துவிடுவார்கள். என்னுடையது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிப் பிடித்து, விடமாட்டேன் என்று பின்னால் இழுப்பது. கல்யாணமான முதல் வாரத்திலேயே வைத்துவிட்டாள். நான் மேல்முறையீடு செய்யவில்லை. மகளுடையது வேறு மாதிரி. கைக்குழந்தையாக இருந்தபோது முதல் முறையாகப் புரண்டவள், நேராக அம்மாவின் மார்பில் வந்து விழுந்து அப்படியே தூங்கிப்போனாள். அதுதான் பெயர்: இரண்டு விரல்கள் மோவாய்க்குக் கீழிருந்து எழும்பி, காற்றில் ஒரு முறை புரண்டு, வேகம் குறைந்து, இடது மார்பில் வந்து அமரும். வேகமாகச் சொன்னால் சாப்பிட வா என்று அர்த்தம். மெதுவாகச் சொன்னால் வந்து பக்கத்தில் உட்கார். பாதியில் நின்றால் திருட்டுத்தனம் பிடிபட்டுவிட்டது.

இரண்டு வருஷமாக என் மனைவிக்குக் கை நடுக்கம். மாத்திரை இருக்கிறது, நடுக்கமும் இருக்கிறது. காது கேட்கிறவர்களுக்குக் கை நடுங்கினால் காபி சிந்தும். இவளுக்குப் பேச்சே சிந்தியது. சின்னச் சின்ன வார்த்தைகளை விட்டாள். பிறகு பெயர்களை விட்டாள். மேஜையைத் தட்டி எங்களைக் கூப்பிடுவாள். மீதியைப் போனில் தட்டிக் காட்டுவாள். மகளின் பெயரைக் கடைசியாக எப்போது சொன்னாள் என்று எங்கள் மூவருக்கும் நினைவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசவும் இல்லை.

இந்த நிலையில்தான் கூரியர் கம்பெனி வேலை வந்தது. பார்சல் புறப்பட்டு வீடு வந்து சேர்வதை ஒரே ஒரு கோட்டில் காட்ட வேண்டும். மகள் வரைந்து வரைந்து கிழித்தாள். ஒரு மத்தியானம், யோசிக்காமல், ஒரே மூச்சில் வந்தது. கோடு எழும்பியது, புரண்டது, மெல்ல அமர்ந்தது. பார்த்த கம்பெனிக்காரர்கள் இன்னொரு முறை ஓடவிடச் சொன்னார்களாம். மறுநாளே ஒப்பந்தம் அனுப்பினார்கள். அந்த அசைவு முழுக்க அவர்களுக்கு. வேறு யாரும் எந்த வடிவத்திலும் என்றைக்கும் பயன்படுத்தக் கூடாது. திங்கட்கிழமை கையெழுத்து. ஸ்டூடியோ வாடகை பாக்கி, கூட வேலை செய்யும் இரண்டு பேருக்குப் போன மாதச் சம்பளம் பாக்கி என்று அவள் கழுத்துக்கு மேல் தண்ணீர். பேரம் பேசக் கூட வரச் சொல்லி என்னை அழைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து அதை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். மடித்த துணிகளோடு அந்தப் பக்கமாகப் போன என் மனைவி நின்றாள். துணியை நாற்காலியில் வைத்துவிட்டு மகளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“இது ஏன் உன்னைக் கூப்பிடுது?”

“எது?”

திரையைக் காட்டினாள். மகள் சிரித்துக்கொண்டே மறுபடி ஓடவிட்டாள். கோடு எழும்பி, புரண்டு, அமர்ந்தது. மகளின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இன்னொரு முறை ஓடவிட்டாள். அவளுடைய வலது கை தானாக மோவாய்க்குக் கீழே போனதை நான் பார்த்தேன்.

“அப்பா, நாளைக்குப் போக வேணாம்,” என்றாள். வாயாலும் சொன்னாள், கையாலும் சொன்னாள். எங்கள் வீட்டில் ரகசியம் பேசும் வழக்கம் இல்லை.

“வேற ஒண்ணு செஞ்சு குடுத்துடேம்மா. காட்டின சரக்கெல்லாம் வித்த சரக்கா?”

“வேற எதுவும் வரலப்பா. வந்தது இது ஒண்ணுதான். இது எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத்தானே தெரியுது.”

“அப்போ விஷயத்தைச் சொல்லிப் பாப்போம். வீட்டுக்குள்ள வெச்சுக்க அனுமதின்னு ஒரு வரி சேத்துக்கச் சொல்லலாம்.” எனக்குப் பழக்கதோஷம், எதையும் ஒரு வரி சேர்த்துச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும்.

என் மனைவி மேஜையைத் தட்டினாள். “சொன்னா கேமராவோட வருவாங்க. காது கேக்காத அம்மா, நடுங்குற கை, அருமையான பொண்ணுன்னு ஊரெல்லாம் ஒட்டுவாங்க. என்னை வெச்சு யாரும் பார்சல் விக்க வேணாம்.”

அதில் பேரத்துக்கு இடமில்லை.

“சரிம்மா, சொல்லல. குடுக்கவும் இல்ல,” என்றாள் மகள்.

“குடு.”

“அம்மா, அது என் பேரு.”

“நான் வெச்சது. குடுன்னு நான்தான் சொல்லணும்.” அவளுடைய விரல்கள் தடுமாறின, ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை பிடித்தாள். “என் கையிலதான் அது இல்லையே. அந்தப் பொட்டியிலயாவது இருக்கட்டும். டிவியைப் போட்டா உன்னைக் கூப்பிடும். எனக்கப்புறமும் கூப்பிடும்.”

மகள் லேப்டாப்பை மூடினாள். பிறகு கைகளைத் தாழ்வாக வைத்துக்கொண்டு, மேஜை உயரத்திலேயே, மெதுவாகச் சொன்னாள்: “அது எல்லாரையும் கூப்பிடும்மா. எல்லாரையும் கூப்பிட்டா அது பேரு இல்ல.”

நான் துணியைத் திரும்ப மடிக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே மடித்த துணிதான்.

என் மனைவி இரண்டு விரல்களை மோவாய்க்குக் கீழே கொண்டுபோனாள். வெகுகாலத்துக்குப் பிறகு. கை எழும்பியபோதே உதறியது. புரள வேண்டிய இடத்தில் புரளாமல், பயந்த பறவை மாதிரி இரண்டு மூன்று இடத்தில் துடித்தது. மார்பைத் தேடி வந்து, தவறி, தோளில் பட்டு, அங்கிருந்து சறுக்கி, மடியில் விழுந்தது. அவள் அந்தக் கையை எடுத்துப் பார்த்தாள். ஏமாந்துவிடக் கூடாது என்று கடைக்கு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சரக்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தோடு பார்த்தாள். மறுபடியும் செய்தாள். அதே துடிப்பு, அதே தோள், அதே மடி. இந்த முறை வேண்டுமென்றே.

“இனிமே இதான் உன் பேரு. பழசை அவங்களுக்குக் குடு.”

“அம்மா...”

“பழைய செருப்பைப் பத்திரமா வெச்சா கால் சின்னதாகுமா? எனக்கு இப்ப இதுதான் வரும். இதாலதான் உன்னைக் கூப்பிட முடியும். கூப்பிட்டா வருவியா மாட்டியா?”

மகள் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தானும் அதைச் சொல்லிப் பார்த்தாள். அசைவை ஒரு முறை பார்த்தால் போதும், பிசகாமல் செய்துகாட்டுகிற பெண். விரலை எழுப்பினாள், துடிக்கவிட்டாள், தோளில் தட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை. நொண்டியைப் பார்த்து நொண்டிக் காட்டுவது போலிருந்தது. என் மனைவி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நடிக்காத. இது என்னுது.”

மகள் அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அந்த நிலையில் இருவராலும் எதுவும் பேச முடியாது. சைகைக்காரர்கள் வீட்டில் கட்டிப்பிடிப்பது என்றால் பேச்சை நிறுத்துவது என்றுதான் அர்த்தம்.

திங்கட்கிழமை கண்ணாடி அறையில் உட்கார்ந்தோம். கம்பெனி மேலாளர் நல்ல மனிதர். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஐடியா எங்கேருந்து வந்துச்சு? எங்க ஆளுங்க எல்லாரும் கேக்கறாங்க. அறிமுக விழாவில சொல்ல ஏதாவது கதை இருந்தா இன்னும் கொஞ்சம் தர்றதுக்குக்கூட நான் பேசிப் பாக்கறேன்.”

டைல்ஸ் விற்கும்போது கல் எந்த மலையில் வெட்டியது என்று கேட்காமலே சொல்கிற வாய் என்னுடையது. சரக்குக்கு ஊர் சொன்னால் விலை ஏறும் என்பது நான் பால்குடி மறக்கும் முன்னே கற்றது. அந்த வாயை அடைக்கத் தண்ணீரைக் குடித்தேன்.

“வீட்டுக்கு ஒரு பார்சல் வந்துச்சு. அதைப் பாத்தேன்,” என்றாள் மகள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார்.”

அவருக்கு ஏமாற்றம். கையெழுத்துப் போட்டாள். விலையைக் கூட்டச் சொல்லி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. வெளியே வந்ததும், “என்னப்பா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள்.

இப்போது அந்தக் கோடு எங்கும் ஓடுகிறது. டிவியில், பஸ் நிறுத்தத்தில், கூரியர் வண்டியின் கதவில். மகள் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறாள். பிறகு தலையைக் குனிந்துகொள்கிறாள். என் மனைவி பார்ப்பதேயில்லை. விற்ற பொருளை அவள் என்றைக்கும் திரும்பிப் பார்த்ததில்லை.

கணக்கை ஒப்பித்துவிடுகிறேன். வரவு ஒரு காரின் விலை. வாடகைக்கும் சம்பளத்துக்கும் போக மீந்தது கொஞ்சம், மாத்திரைக்கு ஆகும். பற்று ஒரு பெயர். அதற்கு ஈடாக வந்தது இன்னொரு பெயர். அதைச் சொல்லக்கூடிய கை உலகத்தில் ஒன்றுதான். அந்தக் கையும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. பெயரும் கூடவே மாறுகிறது. மகள் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பழகிக்கொண்டு எழுந்து போகிறாள். எனக்கு அதைச் சொல்ல வராது. அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்ல மேஜையைத் தட்டுகிறேன். மீதி நிலுவை.