மேற்படி பாஸ்வேர்டு

பட்டுக்கோட்டை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதிவரும் அன்பரசனுக்குக் கம்ப்யூட்டர் வேலையில் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: கம்ப்யூட்டர். அது வெளியே தெரியாமல் இத்தனை காலம் ஓட்டிவிட்டார்.

போன மாதம் மகள் கவிப்ரியா சென்னையிலிருந்து ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். அது வேறு ரகம். "அங்கங்க க்ளிக் பண்ற வேலையெல்லாம் கெடையாதுப்பா. மெஷின் எப்படி இருக்கணும்னு ஒரே ஃபைல்ல எழுதிடணும். எழுதியிருந்தா இருக்கு. எழுதலன்னா இல்ல."

"பத்திரம்னு சொல்லேன்" என்றார் அன்பரசன். மகள் அசந்துபோய்ப் பார்த்ததில் இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

இன்று காலை வாய்க்கால் தூர்வார வந்த ஜேசிபி, தெருவின் நெட் கேபிளையும் சேர்த்துத் தூர்வாரிவிட்டது. அன்பரசனுக்கு எதிரே அதிராம்பட்டினம் லியாகத் அலியும் அவர் தங்கை மெஹராஜ் பேகமும் உட்கார்ந்திருந்தார்கள். அலிக்கு ராத்திரி திருச்சியில் விமானம். ரியாத் போனால் திரும்ப இரண்டு வருடம் ஆகும். தங்கை குடியிருக்கும் வீட்டை அவள் பேருக்குத் தானமாக எழுதிவிட்டுத்தான் கிளம்புவேன் என்று வந்திருந்தார். டோக்கன் பன்னிரண்டு மணிக்கு. அதற்குள் விவரமெல்லாம் நெட்டில் ஏறியாகவேண்டும். மணி பத்தே முக்கால்.

"அடுத்த லீவுல பாத்துக்கலாம் காக்கா" என்றாள் மெஹராஜ். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"போன லீவுலயும் இதத்தான் சொன்ன" என்றார் அண்ணன்.

பக்கத்து ஜெராக்ஸ் கடை நஜ்மா எட்டிப்பார்த்தாள். "நம்ம லைன் வேற கம்பெனிண்ணே, ஓடுது. வைஃபை போட்டுக்குங்க. பேரு நஜ்மாஜெராக்ஸ், இங்கிலீஷ்ல சேத்து எழுதணும். பாஸ்வேர்டும் அதேதான்."

"அதேதானா? திருடனுக்கு வேலையே வைக்கமாட்ட போலருக்கே."

"அது ஓடுற ஓட்டத்துக்குத் திருடன் வந்தா அவன்தாண்ணே பாவம்."

மகளின் போன் அணைந்திருந்தது. அன்பரசன் ஃபைலைத் திறந்தார். வயர்லெஸ் என்ற இடத்தில் கவிப்ரியாவின் சென்னை வீட்டு வைஃபை பேரும் பாஸ்வேர்டும் இருந்தன. அந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதும். சுற்றியிருந்த அடைப்புக்குறிகள், அரைப்புள்ளிகள் எதன்மேலும் விரல் படாமல் புது விவரத்தைத் தட்டினார். மகள் தாளில் எழுதி ஒட்டியிருந்த கட்டளையைக் கொடுத்தார். திரையில் வரிகள் ஓடி, ஒரு குறையும் சொல்லாமல் நின்றன.

நெட் வரவில்லை.

"என்னங்க ஆச்சு?" என்றார் லியாகத் அலி.

"யோசிக்குது பாய்" என்றார் அன்பரசன். யோசித்தது அவர்தான்.

மூன்று முறை கட்டளை கொடுத்தாயிற்று. மணி பதினொன்று இருபது. மெஹராஜ் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். அண்ணன் அவளைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அன்பரசனுக்கு அது பொறுக்கவில்லை.

எந்தப் பத்திரத்தையும் கையெழுத்துக்கு முன்னால் வரிவிடாமல் உரக்கப் படித்துக்காட்டுவது அவர் வழக்கம். கேட்டுக்கொண்டே தூங்கிய கட்சிக்காரர்கள் உண்டு. "எல்லாரும் கேளுங்க" என்று மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். "வயர்லெஸ் நெட்வொர்க். பேர், நஜ்மாஜெராக்ஸ். பாஸ்வேர்டு, மேற்படியே."

"மேற்படியேன்னா என்னங்க?" என்றாள் மெஹராஜ்.

"மேல சொன்ன அதேதாம்மா. அதாவது..." என்றவர் அப்படியே நின்றார்.

பத்திரத்தில் ஒரு பேரை ஒரு முறைதான் முழுதாக எழுதுவார். அடுத்த முறை வந்தால் 'மேற்படி'. நஜ்மா 'அதேதான்' என்றதும் இருபத்தாறு வருட விரல், அவரைக் கேட்காமலே, 'மேற்படியே' என்று ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டிருக்கிறது. மெஷினும் எழுதியபடியே நம்பி, நஜ்மா கடைக் கதவை மூன்று முறை தட்டி 'மேற்படியே' என்று சொல்லிப் பார்த்திருக்கிறது.

நஜ்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மெஷினுக்குப் பத்திரத் தமிழ் தெரியாதுண்ணே!"

"பழகிக்கும், பழகிக்கும்" என்றபடி அன்பரசன் பாஸ்வேர்டை முழுதாக அடித்தார். மறுபடி கட்டளை. வரிகள் ஓடி நின்றன. திரையின் மூலையில் சிக்னல் கோடுகள் எழுந்தன.

"வந்துடுச்சு!" என்று லியாகத் அலி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அன்பரசன் தன் சொந்த வயலில் இறங்கியவர் மாதிரிதான். பதினொன்று ஐம்பதுக்கு எல்லாம் ஏறிவிட்டது. ஒரு மணி வாக்கில் அண்ணனும் தங்கையும் பதிவு முடிந்து படியிறங்கினார்கள். மெஹராஜ் ரசீதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இனிமே நீ வந்தா என் வீட்டு விருந்தாளி காக்கா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வாடகை கேக்காம இருந்தா சரி" என்றார் அவர்.

சாயங்காலம் கவிப்ரியா கூப்பிட்டாள். நடந்ததைக் கேட்டு, ஃபைலை அனுப்பச் சொல்லிப் பார்த்தாள். "யாருப்பா செஞ்சு குடுத்தா?"

"கடைசி வரியப் படி."

'தயாரித்தவர்: ஆ. அன்பரசன், பத்திர எழுத்தர், பட்டுக்கோட்டை' என்று இருந்தது.

"இது மெஷினுக்கு இல்லன்னு முன்னாடி குறியெல்லாம் போட்டிருக்கீங்களே! எப்படித் தெரியும்?"

"நீ எழுதிவச்ச குறிப்புக்கெல்லாம் அந்தக் குறி இருந்துச்சு. மெஷின் அதைக் கண்டுக்கல. கண்டுக்காட்டி என்னம்மா, எழுதினவன் பேர் இல்லாம பத்திரம் வெளிய போகலாமா?"

"அப்பா, இத எங்க ஆபீஸ்ல காட்டட்டுமா?"

"காட்டேன்" என்றார், தினம் கேட்கிற கேள்விபோல. போனை வைத்ததும் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய், நடந்தது முழுவதையும் நஜ்மாவிடம் சொன்னார். கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள்தான். இருந்தாலும் கடைசிவரை உம் கொட்டிக் கேட்டாள். மூன்று முறை தோற்றதை ஒரு முறை என்று அவர் குறைத்துச் சொன்னபோதும்.