பாதரசத்தின் தாடை

“கரும்பருந்துக்கு அப்பன் யாருன்னு இன்னைக்கே முடிவாகணும்யா. சாயங்காலம் பக்கம் அச்சுக்குப் போகுது!”

பத்திரிகை ஆசிரியர் கத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்தினார். கதாசிரியர் மேஜைமேல் கிடந்த கடைசிப் பக்கத்தையே வெறித்தார். படம் வரைந்து முடிந்திருந்தது. பேச்சு எழுத வேண்டிய பலூன் மட்டும் வெள்ளையாக வாயைப் பிளந்துகொண்டு இருந்தது.

கரும்பருந்து அவர் பெற்றெடுத்த படக்கதை வீரன். வாராவாரம் பறப்பான், அடிப்பான், ஊரைக் காப்பாற்றுவான். வீட்டுக்குப் போனால் மட்டும் நடுங்குவான். காரணம், அவன் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். குடித்தால் தட்டு பறக்கும், தெளிந்தால் மகன் முகத்தைப் பார்க்கக் கூசுவார். ஆனால் மகனை ஒருநாளும் விட்டுவிட்டுப் போனதில்லை.

இந்தக் குடும்பத்தில் குண்டு வைத்தவர் ஓவியர். போன மாதம் முகமூடி இல்லாத கரும்பருந்தின் முகம் அவசரமாகத் தேவைப்பட்டது. வில்லன் பாதரசத்தின் பழைய படத்தை, அடியிலிருந்து வெளிச்சம் வரும் விளக்குப் பலகையில் போட்டு, தாடையை மட்டும் அப்படியே நகலெடுத்துவிட்டார். அதே பிளந்த மோவாய். இதழ் வந்ததும் வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள்: பாதரசம்தான் நிஜ அப்பா! விற்பனை எகிறியது. ஆசிரியர் கதாசிரியரைக் கேட்காமலே ஓவியரிடம் சொல்லிப் படத்தை வரைய வைத்துவிட்டார்: பாதரசம் இரண்டு கையையும் விரித்து, ‘நான்தான் உன் அப்பா’ என்கிறான். எதிரே கரும்பருந்து. அவன் என்ன சொல்லப்போகிறான்?

“வேற தாடை போட்டுக் குடுய்யா,” என்று கதாசிரியர் ஓவியரிடம் கெஞ்சினார்.

“அண்ணே, போன மாசமே லட்சம் வீட்டுக்குப் போயிடுச்சு அந்தத் தாடை. இனிமே வீடு வீடாப் போய் ரப்பர் வச்சு அழிக்கவா?”

“சாதாரண பதில்தானே, இதுக்குப் போய் ஏன் இப்படி வேர்க்குது?” என்றார் எழுத்தக்கா. பலூன்களுக்குள் எழுத்துப் போடுபவர். அலுவலகம் முழுக்க அவருக்கு அதுதான் பெயர். “பெத்தவன் அப்பன் இல்ல, வளத்தவன்தான் அப்பன்னு சொல்லிட்டு கிரேன்காரர்கிட்ட போகட்டும். கைதட்டுவாங்க.”

“அதை எழுத முடியாதுக்கா.”

“ஏன்?”

கதாசிரியர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “திங்கட்கிழமை என் பொண்ணு கையெழுத்துப் போடறா. அவ பேரோட இருக்கற என் பேரை எடுத்துட்டு, பல் டாக்டர் பேரைச் சேர்க்கறாங்க. அவ சம்மதிச்சா முடிஞ்சுது.”

எழுத்தக்காவுக்குப் புரிந்தது. மனைவி மகளோடு பிரிந்துபோய்ப் பல் டாக்டரை மணந்த கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். பிரிந்தது ஏன் என்பதும் தெரியும்; அந்த நாட்களில் கதாசிரியரின் மேஜை இழுப்பறையைத் திறந்தால் பாட்டில் உருளும். இப்போது தொடுவதில்லை. மகளோ ஒரு இதழ் விடாமல் படிப்பவள். கிரேன்காரர் யாருடைய சாயல் என்று அவளுக்கும் தெரியும்.

“வளர்த்தவன்தான் அப்பான்னு நானே எழுதிக் குடுத்தா, அவ யார் பேரைப் போடுவா?”

“அப்ப ரத்தம்தான் பெருசுன்னு எழுதுங்க.”

“எழுதினா, கொலைகாரன் பின்னாடி போயிடுவானே என் புள்ள!”

எழுத்தக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

ஆசிரியரின் அறையிலிருந்து மணி அடித்தது. கதாசிரியர் பென்சிலை எடுத்து, பலூனுக்குள் கிறுக்கினார்: ‘அப்பா! என் ரத்தம் உங்களை அப்போதே அறிந்துகொண்டது!’

“இதையே மை போடுங்கக்கா. எனக்கு எம்பொண்ணு வேணும்.”

எழுத்தக்கா முதல் எழுத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார். கதாசிரியரின் கண் படத்தில் விழுந்தது. பாதரசத்தின் விரித்த கைகள். எதுவுமே செய்யாமல், எல்லாவற்றையும் கேட்கும் முகம். போன வாரம் பள்ளிக்கூட வாசலில் அவர் நின்றதும் இப்படித்தான். மகள் அன்றைக்கு ஓரடி பின்னால் நகர்ந்தாள். இத்தனை நாளாகத் தன்னைக் கிரேன்காரராக நினைத்து எழுதிக்கொண்டிருந்தாரே! கிரேன்காரர் வீட்டை விட்டுப் போகாதவர். இவரோ குடித்துவிட்டு எத்தனையோ இரவு வீடு திரும்பாதவர்; இந்தப் பாதரசம்.

“நிறுத்துங்கக்கா.”

அழித்தார். தாளில் கறை படிய அழித்தார். பிறகு மெதுவாக எழுதினார்: ‘நீ சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்தக் கிரேன்காரர்தான்.’

எழுத்தக்கா நிமிர்ந்தார். “உங்க பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்ப...”

“பல் டாக்டர்தான் உக்காந்திருந்தார். நான் எங்க கிடந்தேன்னு எனக்கே தெரியாது. மை போடுங்க.”

இதழ் சனிக்கிழமை வந்தது. கடைகளில் மதியத்துக்குள் தீர்ந்துபோனது. ஆசிரியர் கூப்பிட்டுக் கட்டிப்பிடிக்காத குறையாகப் பாராட்டினார். எதுவும் கதாசிரியரின் காதில் ஏறவில்லை. கைபேசியைச் சட்டைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

ஞாயிறு காலை அது அடித்தது.

“படிச்சேன்பா,” என்றாள் மகள்.

“ம்.”

“நாளைக்கு அவர் பேரைப் போட்டுக்கட்டுமா?”

கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கு என்ன உரிமை? அச்சில் ஏறிவிட்ட சொல் அவருடையதுதானே. நியாயமான மனிதனாக ஒருமுறையாவது இருந்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்தார்.

“போட்டுக்கோம்மா.”



“அவ்ளோதானா?” என்றாள். குரல் உடைந்தது. “வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நெனச்சுதான் போன் பண்ணேன்.”

இணைப்பு அறுந்தது.

அவர் திரும்ப அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. கடைசியில் ஆண் குரல். பல் டாக்டர்.

“ரூமைச் சாத்திக்கிட்டு அழறா. என்ன சார் சொன்னீங்க அவகிட்ட?”

“உங்க பேரைப் போட்டுக்கச் சொன்னேன்.”

“ஐயையோ!” என்றார் அந்த மனிதர். “காலையிலேருந்து நான் பேனாவை ஒளிச்சு வச்சுட்டு, அப்பாவை ஒரு வார்த்தை கேளுன்னு சொல்லிட்டிருக்கேன். நீங்க ஏன் சார் சரின்னீங்க?”

வாரத்துக்கு முப்பது பலூன் நிரப்பிய கதாசிரியர், இப்போது ஒரே ஒரு சொல்லைத் தேடி எடுத்தார்.

“அவகிட்ட குடுங்க,” என்றார். “கதவுக்கு வெளியேயாவது வச்சுப் பிடிங்க. வேணாம்னு சொல்லணும்.”

காலடி ஓசை. கதவைத் தட்டும் ஓசை. “அப்பா பேசறார்டா, திற.”

கதவு திறக்கும் ஓசை கேட்கவில்லை.

“வேணாம்மா!” என்று அவர் கத்தினார். யார் காதில் விழுகிறது என்று தெரியாமலே, மறுபடியும் கத்தினார்.