நல்ல தண்ணீர் வீடு

ஜிலேபி கெண்டை கடல் நீரிலும் பிழைக்கும் என்று வகுப்பில் நான் சொன்னபோது, விலங்கியல் பேராசிரியர் கனகசபாபதி சாக்பீஸைக் கீழே வைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான் வைப்பார். கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் அவரைத் தவளையாக வரைந்தவன் நான் என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நியாயமான சந்தேகம்தான்.

"ஏரி மீனைக் கடல்ல விட்டா கருவாடுதாண்டா தங்கராசு. எக்சிபிஷன் அன்னிக்கு உயிரோட காட்டு. இல்லேன்னா இந்த வருஷம் பிராக்டிகல் பக்கமே வராதே."

அப்பாவுக்குப் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை. மெருகு சரியாக ஏறாமல் கழித்துப்போட்ட ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதில் மூன்று மீன்களை விட்டு, நாளுக்குக் கொஞ்சமாகக் கல்லுப்பு சேர்த்தேன். ஒரேயடியாகக் கொட்டினால் செத்துவிடும், பழக்க வேண்டும். கடலூரிலிருந்து ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் வரவழைத்து, அதை ஒரு சொட்டு, ஜாடியில் ஒரு சொட்டு என்று நக்கி நக்கி அளந்தேன். கடைசியில் இரண்டும் ஒரே கரிப்பு. மீன்கள் சாகவில்லை. என் நாக்குதான் செத்துப்போனது. மெருகில்லாத இடங்களில் உப்பு கசிந்து, ஜாடியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

எக்சிபிஷன் ஒரு வெள்ளிக்கிழமை. மேஜை பிடிக்க நான் முன்னால் போய்விட்டேன். அம்மா சொர்ணாம்பாள் ஜாடியோடு ஜட்கா வண்டியில் வந்து இறங்கினாள்.

கனகசபாபதி ஜாடியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"கிணத்துத் தண்ணிடா இது."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் காதோடு சொன்னாள்: "பழைய தண்ணியக் கொட்டிட்டு புதுசு ரொப்பிட்டேன். வெள்ளிக்கெழமையும் அதுவுமா வூட்ல பழைய தண்ணி நிக்கலாமா? மீன சொம்புல எடுத்து வெச்சிட்டுத்தான் கழுவுனேன், பயப்படாத."

ஒரு நிமிடம் உலகமே இருண்டது. பிறகு விளங்கியது.

"சார்! காலைல வரைக்கும் கடல் தண்ணி, இப்ப கிணத்துத் தண்ணி. ஒரே தாவல்ல மாறியும் நீந்துது பாருங்க. இது நான் சொன்னதவிடப் பெருசு சார்!"

"சாட்சி?"

"எங்கம்மா."

"ஏம்மா, காலைல வரைக்கும் இதுல உப்புத் தண்ணியா இருந்துது?"

அம்மா வாயைத் திறந்தாள். அப்போதுதான் பக்கத்தில் நின்ற கொளஞ்சியப்பனைப் பார்த்தாள். எங்கள் ஆய்வக உதவியாளர். அதைவிட முக்கியமாக, அண்ணனுக்குப் பார்த்திருந்த நல்லூர்ப் பெண்ணுக்குத் தாய்மாமன். உப்புக் கிணற்று வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். வந்தவள் காலமெல்லாம் தெருக்குழாயில் குடத்தோடு நிற்க வேண்டும்.

"உப்பா? எங்க வூட்லயா?" என்றாள் அம்மா, ஊருக்கே கேட்கும்படி. "எங்க கெணறு சக்கரைங்க!"

"அம்மா, கெணத்தக் கேக்கல, ஜாடிய..."

"நீ சும்மா இருடா."

"சார், ஜாடிக்கு வெளிய பாருங்க, உப்புப் பூத்திருக்குது!" என்று கத்தினேன்.

கனகசபாபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிவதற்குள் அம்மா முந்தானையால் ஜாடியைச் சுற்றி அழுந்தத் துடைத்துவிட்டாள். "தூசிங்க. வழியெல்லாம் ஒரே புழுதி."

கொளஞ்சியப்பனும் ஒரு விரலை விட்டுச் சப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். அண்ணன் கல்யாணம் நிச்சயமானது அங்கேதான்.

கனகசபாபதி சாக்பீஸ் இல்லாததால் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"அடுத்த வருஷம் பார்ப்போம்."

திரும்பும்போது ஜட்காவில் ஜாடி என் மடியில் இருந்தது. மீன்கள் எந்தக் குறையும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

"மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காதடா" என்றாள் அம்மா. "அடுத்த வருசம் தண்ணி வேணாததா எதையாச்சும் வளத்துக் காட்டு. கோழி கீழி."