ஆறு லட்சத்தில் ஒரு பங்கு

சித்திரை இருபத்திரண்டாம் தேதி காலை ஏழே காலுக்கு நாட்டின் புதிய தலைவர், மெயின் ரோட்டிலிருந்து பிரியும் கொக்கூரணி விலக்கில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கினார். அதே ஏழே காலுக்கு ஆமத்தூரிலும் இறங்கினார், இருக்கன்குடியிலும் இறங்கினார், நாட்டிலுள்ள ஆறு லட்சத்துச் சொச்சம் ஊர்களிலும் ஊருக்கு ஒருவராக இறங்கினார். அந்த வாரம் விருதுநகர் சந்தையில் வத்தல் விலை குறைந்திருந்தது. ஓட்டுக் கேட்ட காலத்தில், ஒவ்வொரு ஊருக்கும் நானே நேரில் வருவேன், வந்து குறைகளைச் சரிசெய்வேன் என்று அவர் சொல்லியிருந்தார். எல்லாத் தலைவர்களும் சொல்கிறதுதான். இவர் சொன்னபடி வந்துவிட்டார், அவ்வளவே. செய்தித்தாள்கள் இரண்டு நாள் படம் போட்டன. எல்லா ஊர்ப் படமும் ஒரே படமாக இருந்ததால் மூன்றாம் நாள் நிறுத்திக்கொண்டன. யாருடைய தலைவர் அசல் என்று ஆமத்தூர்க்காரர்களுக்கும் கொக்கூரணிக்காரர்களுக்கும் பேச்சு முற்றி, இரண்டு பேரையும் கூட்டிவந்து விலக்கில் எதிரெதிரே நிறுத்தினார்கள். இருவரும் கும்பிட்டுக்கொண்டார்கள், வெயில் ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டார்கள், அவரவர் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். அதோடு அந்தப் பேச்சும் அடங்கியது.

ஊராட்சி எழுத்தர் அன்பரசன், பூட்டிக் கிடந்த நூலகக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கித் தலைவருக்குக் கொடுத்தார். சாப்பாடு வீட்டுக்கு ஒரு நாள் முறை. தலைவர் இந்த ஊர்ப் பேச்சையே பேசினார், சோறு போதும் என்றால் கையை விரித்து இலையை மறைத்தார், யார் வந்தாலும் எழுந்து நின்றார். முதல் உத்தரவாக, ஊருக்குள்ளிருந்து விலக்கு வரை தார்ச்சாலை போடச் சொல்லிக் கையெழுத்திட்டார். மறுநாள் காலை சாலை வந்திருந்தது. ஒரு பாய் அகலம், ஒரு பாய் நீளம், சூடு ஆறாமல், நடுப்பாதையில். இரண்டு வெள்ளாடுகள் அதன்மேல் படுத்திருந்தன. ஒரு தலைவருடைய அதிகாரம் ஆறு லட்சமாகப் பிரிந்தால் பங்குக்கு இவ்வளவுதான் வரும் என்றும், அதுவும் வருஷத்துக்கு ஒரு உத்தரவுதான் என்றும் அன்பரசன் ஊருக்கு விளக்கினார். மாடத்தி மட்டும் நேரே போய், "தலைவரே, ஒங்க ரோட்ட சாயங்காலம் சுருட்டி உள்ள வச்சிருங்க. எவனாச்சும் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போயிருவான்" என்றாள். தலைவர்தான் முதலில் சிரித்தார்.

மாடத்தியும் ராக்காயியும் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் பதினோராம் அறையில் வேலை பார்த்து வந்தார்கள். அந்த அறைச் சுவரில், நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று கறுப்பு மையில் எழுதியிருக்கும். சீசன் தொடங்கி ஆர்டர் ஏறினால் ஒன்பது பேர் இருப்பார்கள். ராக்காயியின் புருஷன் பெத்தணன் வேறொரு ஆலையில், வேறொரு அறையில், ஐந்தாவது ஆளாக இருந்தபோது அறை பறந்தது. பேரேட்டில் நான்கு பெயர்தான் இருந்தது. ஐந்தாவதாக ஒருவர் உள்ளே இருந்தார் என்று காட்டுவதற்காக அவள் அவருடைய ஒற்றைச் செருப்பை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு எட்டு மாதம் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு நடந்தாள். அங்கே நீட்டின தாளில் எல்லாம் கைநாட்டு வைத்தாள். எதில் அவர் பெயர் இருந்தது, எதில் இல்லை என்று அவளுக்குத் தெரியாது. அதன் பிறகுதான், நாற்பத்து மூன்று வயதில், முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்து எழுத்துப் படித்தாள். முதலில் எழுதக் கற்ற சொல் பெத்தணன். கற்றதும் செய்த முதல் காரியம், தான் வேலை பார்க்கும் ஆலையின் பேரேட்டில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. நான்கில் ஒன்று.

ஆலைக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்ல சட்டை போட்ட ஆள் யார் கேட்டுக்குள் நுழைந்தாலும் வாட்ச்மேன் இரண்டு விசில் ஊதுவார். ஊதினால் நான்கு பேர் போக மற்றவர்கள் பின்பக்கமாகக் கருவேலங்காட்டுக்குள் போய்க் குந்திக்கொள்ள வேண்டும். ஒற்றை விசில் வந்தால் திரும்பலாம். யாரும் இதை யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கால் கற்றுக்கொள்ளும். தலைவர் வாரம் இரண்டு முறை ஆலைக்கு வந்தார். இரண்டு விசில் ஊதப்பட்டது. பதினோராம் அறையில் நான்கு பேர், பன்னிரண்டில் நான்கு பேர், வேலை நடந்த நாற்பத்திரண்டு அறையிலும் நான்கு நான்கு பேர். தலைவர் மனம் குளிர்ந்து தன் நோட்டில், இங்கே குறை இல்லை என்று எழுதிக்கொண்டார். மற்ற ஊர்களில் பள்ளிக்கூடம் போகும் தலைவருக்கு எல்லாப் பிள்ளையும் வந்திருந்தது, ஆஸ்பத்திரி போகும் தலைவருக்கு டாக்டர் இருந்தார். ஆறு லட்சம் நோட்டிலும் ஏறக்குறைய ஒரே வரி ஏறியது.

இரண்டாம் வருஷம் ஆடியில் ராக்காயியின் மகள் கற்பகவல்லி பதினோராம் அறைக்கு ஒன்பதாவது ஆளாக வந்தாள். விருதுநகரில் கம்ப்யூட்டர் படிப்புக்குச் சேர, சீசன் முடிகிறவரை வேலை பார்க்கிறேன் என்று வந்தவள். அந்த வாரம் தலைவருக்குச் சாப்பாடு போடும் முறை ராக்காயி வீட்டுக்கு விழுந்தது. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. பாதிச் சோற்றில் தலைவர், "ராக்காயிம்மா, ஆலைக்குப் பின்னால காட்டுக்குள்ள ஒரு தடம் வெள்ளையாத் தேஞ்சு கிடக்கே. அது என்ன தடம்?" என்று கேட்டார். கற்பகவல்லி அடுப்படியிலிருந்து தாயைப் பார்த்தாள். ராக்காயி, "ஆடு போற தடம்" என்றாள். தலைவர் சரி என்று மோர் ஊற்றிக்கொண்டார். அவர் போன பிறகு ராக்காயி வெகுநேரம் இலையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதம் செருப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, இப்படி ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்க மாட்டாரா என்றுதான் ஏங்கியிருந்தாள். கேட்டபோது வாயில் ஆடு வந்து நின்றது. ஐந்தாவது ஆளைப் பற்றிச் சொன்னால் ஒன்பதாவது ஆளுக்கு வேலை போகும். அந்த ஒன்பதாவது ஆள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது.

ஆவணி முதல் வாரம் விசில் ஊதியபோது அறையில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பின்வாசல் ஒன்று. கற்பகவல்லியின் தாவணி தட்டின் விளிம்பில் மாட்டி, தட்டு கவிழ்ந்து, தரை முழுக்க மருந்து சிந்தியது. அவள் அதன்மேல் விழுந்தாள். அவளைத் தாண்டி நான்கு பேருடைய கால்கள் மருந்தைத் தேய்த்துக்கொண்டு ஓடின. ராக்காயி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது எல்லாம் அப்படியே இருந்தது. மகள் உள்ளங்கையெல்லாம் வெள்ளி பூசியதுபோல் எழுந்து காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். முன்வாசலில் தலைவர் வந்து நின்று, "சௌக்கியமா இருக்கீகளா?" என்று கேட்டார். நான்கு பேரும் சௌக்கியம் என்றார்கள். நம்மைக் காப்பாற்ற வந்த மனுஷனுக்குப் பயந்து ஓடி அல்லவா பிள்ளை சாகப் பார்த்தது என்று அன்று முழுக்க ராக்காயிக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை இரண்டு விசில் கேட்டதும் அவள் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, விடும்மா, போர்மேன் பாக்காரு" என்றாள் கற்பகவல்லி. ராக்காயி விடவில்லை. பாதி எழுந்த ஒரு பெண் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தாள். மூன்று பேர் ஓடிவிட்டார்கள். போர்மேன் செல்லப்பாண்டி, "ஏத்தா, காது செவிடா? எந்திரிங்க!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போதே தலைவர் வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே பார்த்தார். சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"ஆறு பேரு இருக்கீக."

"ஒம்பது," என்றாள் ராக்காயி. "மூணு பேரு காட்டுக்குள்ள. எல்லா ரூமுக்கும் அங்கன ஆளு இருக்கு. நீங்க கேட்ட தடம் அதுதான்."

"ஒன்றரை வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கேட்டு வழியாவே வந்தீக?" என்று மாடத்தி குறுக்கே விழுந்தாள். "காட்டு வழியா வந்திருந்தா அன்னைக்கே பாத்திருக்கலாம்ல. கேட்டுல அவன் ஊதுறது ஒங்களுக்கு வரவேற்புன்னு நெனச்சீகளாக்கும்!"

அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று தலைவர் ஒப்புக்கொண்டார். அவர் முகம் கறுத்துவிட்டது. பையிலிருந்து தாளை எடுத்து, அறைக்கு நான்கு பேர் என்று உத்தரவு எழுதிக் கையெழுத்திட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த உத்தரவு அவர் பிறப்பதற்கு முன்பே இருந்தது. இருக்கிற உத்தரவுமேல் அவர் பங்கு அதிகாரம் எண்ணெய்மேல் தண்ணீர் மாதிரி ஒட்டாமல் நின்றது. பேனாவை மூடிவிட்டு, வெளியே கிடந்த பலகையை இழுத்துப்போட்டுப் பதினோராம் அறை வாசலில் உட்கார்ந்தார். நான்கு பேர் உள்ளே போன பிறகு வந்தவர்களைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். மறுநாளும் உட்கார்ந்தார்.

ஊர் ராக்காயியை ஏசியது. வெளியே நின்ற ஐந்து பேரில் மகள் போக மற்ற நான்கு வீட்டிலும் அவளுக்குத் தீப்பெட்டிகூடக் கொடுக்கவில்லை. கற்பகவல்லி தாயோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். பத்தாம் நாள் ராக்காயி வாசலுக்கு வந்து, பக்கத்தில் பத்தாம் அறை ஒரு வாசல்தான் இருக்கிறது என்பதற்காக அனுமதி கிடைக்காமல் பூட்டிக் கிடப்பதைச் சொன்னாள். "ரோட்டுக்குப் பதிலா ஒரு கதவு கேட்டா ஒங்க பங்கு தாங்குமா தலைவரே?" என்றாள். நான்கு பேர் உத்தரவு ஒட்டாமல் போனதால் அந்த வருஷத்துப் பங்கு இன்னும் செலவாகாமல் இருந்தது. எழுதிக் கையெழுத்திட்டார். மறுநாள் காலை பத்தாம் அறையின் பின்சுவரில் மரக்கதவு ஒன்று இருந்தது, சட்டமும் கீலும் சேர்த்து, அவருடைய பங்குக்கு மிகச் சரியாக. ஆலை முதலாளி வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, அனுமதிக்கு மனுப் போடச் சொன்னார். ஒரு மாதத்தில் இரண்டு அறை, எட்டு பேர். ஒன்பதாவது ஆள் ஒவ்வொரு நாளும் முறை வைத்து வெளியே இருப்பது என்று பெண்கள் பேசி முடித்தார்கள். கற்பகவல்லி அன்று சாயங்காலம், "குழம்புல உப்பு இல்ல" என்றாள். அதுதான் அவள் மறுபடி பேசிய முதல் வார்த்தை.

மற்ற அறைக்காரிகள் தலைவரைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு ஆள், ஒரு வாசலில்தான் உட்கார முடியும் என்று அவர் சொல்லிவிட்டார். உட்காராத நேரத்தில் அங்கே என்ன நடக்கும் என்று இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வெளியே இருக்கிற முறை வந்தவளுக்குப் பகல் முழுக்க வேலை இல்லை. மாடத்திதான் முதலில் பன்னிரண்டாம் அறை வாசலில் போய்ச் சம்மணம் போட்டாள். ஐந்தாவதாக நுழைந்தவள் தலைவருக்கு முன்னால் நெளிகிறது மாதிரியே மாடத்திக்கு முன்னாலும் நெளிந்து நின்றாள். மூன்றாம் வருஷம் ஆறு அறைக்கு ஆள் உட்கார்ந்தார்கள். ஒரு அறையில் அடிக்க வந்தார்கள். ஒரு அறையில் உட்கார்ந்தவளே ஐந்தாவதாக உள்ளே போய்விட்டாள். நான்காம் வருஷம் தொலைவிலுள்ள வேறொரு ஆலையிலிருந்து புகை எழுந்து ஊரே பார்த்தது. அந்த ஊரிலும் ஒரு தலைவர் இருந்தார். அவர் அந்த அறையில் எப்போதும் நான்கு பேரைத்தான் பார்த்திருந்தார்.

ஐந்து வருஷம் முடிந்த அன்று காலை எல்லா ஊர்த் தலைவர்களும் பஸ் ஏறித் தலைநகருக்குப் போய் மறுபடி ஒரே ஆளாக ஆனார்கள். கொக்கூரணித் தலைவர் போகவில்லை. அன்று வேலை நாள், வாசலில் இருந்தார். அன்பரசன் யாரையும் கேட்காமல் அவர் பெயரை ஊர் வாக்காளர் பட்டியலில் சேர்க்க விண்ணப்பம் எழுதினார். தொழில் என்ற இடத்தில் கூலி என்று போட்டார்.

ஒரு வாரம் கழித்து டிவியில் தலைவர் பேசினார். ஊர் ஊராக நானே போய்ப் பார்த்தேன், எங்கும் குறை இல்லை, நாடு சீராகிவிட்டது என்று சொல்லிக் கையை உயர்த்தினார். சனம் கைதட்டியது. கற்பகவல்லி திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "அம்மா, அவருக்குச் சுண்டுவிரல்ல நகம் இல்ல" என்றாள்.

"எப்படி இருக்கும்? அது இங்கன இருக்குல்ல," என்றாள் ராக்காயி.

நாளைக்கு அவளுக்கு வெளியே இருக்கும் முறை. முப்பத்தோராம் அறையில் ஏழு பேர் உட்காருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். காலையில் தூக்குச்சட்டியில் பழைய சோறும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு, ஆலை வேன் வருவதற்கு முன்பே நடந்துபோய் அந்த வாசலில் உட்கார்ந்தாள்.