நீல கவுனுக்குப் போன பதில்கள்

காவல் நிலையத்தில் அவளை உட்காரவைத்த நாற்காலியின் உறையில் ஓரத் தையல் பிரிந்திருந்தது. தையற்காரியின் விரல் தானாக அந்த இடத்துக்குப் போய் நின்றது. எதிரே பெண் அதிகாரி அச்சடித்த தாள்களை மேசையில் பரப்பினார். எல்லாம் அவளுடைய கடையின் ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து போன பதில்கள்.

"இதெல்லாம் நீங்க எழுதினதாம்மா?"

சண்டை ஒரு நீல கவுனில்தான் தொடங்கியது. அதைக் கொண்டுவந்தவள் பக்கத்துத் தெருக்காரி. கீழ் மடிப்புக்கு அளவெடுக்க வரும்போது, விருந்துக்குப் போடப்போகிற செருப்போடு வரச் சொல்லியிருந்தாள் தையற்காரி. வந்தவள் காலில் தட்டைச் செருப்பு. "இதைத்தான் போடுவேன், வெட்டுங்க" என்றாள். விருந்தன்று குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டாள். கவுன் கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. மறுநாள் ஃபேஸ்புக்கில் படம்: 'இந்தக் கடைப் பக்கமே போகாதீங்க. கத்தரிக்கோல் பிடிக்கக்கூடத் தெரியாது.'

தையற்காரிக்கு வேலை நேரத்தில் கை ஒழியாது. அதனால் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தை அக்காதான் பார்த்துக்கொண்டாள். குழந்தைகள் காப்பகத்தில் வேலை முடிந்ததும் வந்து வெட்டு மேசை ஓரத்தில் உட்காருவாள். இவள் மிஷினை ஓட்டியபடி சொல்லச் சொல்ல, அவள் ஃபோனில் தட்டுவாள். 'துணி ரெடி, வாங்க', 'லைனிங் வேணுமான்னு சொல்லுங்க.' வாடிக்கையாளர்களுக்கு அது தையற்காரியின் குரல்.

கவுன்காரிக்குப் போன முதல் பதில் மரியாதையாகத்தான் இருந்தது. அதற்கு அவள் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டாள். அக்காவுக்கு அது போதும்.

"உனக்கு வாய் இருந்தா நான் ஏன்டி பேசணும்? ஸ்கூல்ல இருந்து இதே கதைதான். நீ அழுவே, நான் போய் அடிச்சிட்டு வருவேன்."

"விடுக்கா" என்றாள் இவள். சொன்னாள்தான். ஆனால் தைக்கும்போது வாய்க்குள் முணுமுணுப்பது நிற்கவில்லை. தனக்குத்தானே பேசிக்கொள்வதாக நினைத்திருந்தாள். அக்காவின் கட்டைவிரல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது தாள் தாளாகப் படித்தாள். எது அக்கா எழுதியது, எது தான் சொன்னது என்று பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. 'வாயில ஊசி நூல் விட்டாத்தான் அடங்குவே' தன்னுடையதுதான். 'நடுத்தெருவுல நிக்க வைக்கிறேன் பாரு' யாருடையது? கடைசித் தாளில் கண் நின்றது.

'உன் பொண்ணு எங்க கடை முன்னாடிதான் ஸ்கூல் பஸ் ஏறுறா. தினமும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்.'

அதை இவள் சொன்னது உண்மை. "அந்தப் பொண்ணு நம்ம கடை முன்னாடிதான் பஸ் ஏறுதுக்கா. தினமும் பார்க்கிறேன். எவ்வளவு கனமான பை, பாவம்." தாளில் பையும் இல்லை, பாவமும் இல்லை.

"அந்தம்மா பயந்துபோய்ப் பிள்ளையை ஸ்கூலுக்கே அனுப்பறதில்லை" என்றார் அதிகாரி. "நீங்க எழுதலைன்னா யாருன்னு சொல்லுங்க."

காலையில் கிளம்பும்போது அக்கா இவள் காலரைச் சரிசெய்தபடி சொன்னாள்: "நீ எழுதலைன்னு மட்டும் சொல்லிடாதே. அப்புறம் யாருன்னு கேப்பாங்க. குழந்தைங்களோட வேலை பார்க்கிறவ நான்." சொல்லிவிட்டுத் தோளில் இருந்த நூல் துணுக்கை எடுத்து ஊதிவிட்டாள்.

என்ன பதில் போகிறது என்று தான் ஒருநாளும் வாங்கிப் பார்க்காதது ஏன்? "இன்னைக்கு அவ வாயை அடைச்சிட்டேன்" என்று அக்கா சிரிக்கும்போதெல்லாம் மிதியில் கால் கொஞ்சம் வேகமாக ஓடியது தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ளாத வரை அவள் நல்லவள். அவ்வளவு மலிவாக நல்லவளாக இருந்திருக்கிறாள்.

"நான்தான்" என்றாள்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. "எச்சரிக்கையோட இன்னைக்கு அனுப்பறேன். இனி அந்தப் பக்கத்திலிருந்து அவங்களைப் பத்தி நேராவோ சுத்தி வளைச்சோ ஒரு வார்த்தை வரக்கூடாது. வந்தா கேஸ் போட்டு உள்ளே வைக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை. புரியுதா?"

கையெழுத்துப் போட்டு, கீழே தன் ஃபோன் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கு நடக்கும்போது அக்காவிடம் கடைப் பக்கத்தின் பாஸ்வேர்டை எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே வந்தாள். கோபமாகச் சொன்னால் அழுவாள். கெஞ்சினால் சிரிப்பாள்.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மிஷின் முன்னால் இவளுடைய ஸ்டூலில் அக்கா.

"பேர் சொல்லலையே?"

"சொல்லலை."

அக்காவின் கண் கலங்கியது. எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். "என் தங்கமே. நீ அங்க உட்கார்ந்திருக்கிறதை நினைச்சு எனக்கு வயிறு எரிஞ்சுதுடி. சும்மா விடுவேனா? போட்டுட்டேன்."

"என்ன போட்டே?"

அக்கா ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். கடையின் பெயர்; கழுத்தில் அளவு நாடாவோடு இவள் சிரிக்கும் படம். கீழே: 'என்னை ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துட்டே இல்ல? இனிமே நீ எப்படி நிம்மதியா இருக்கேன்னு பார்க்கிறேன்.'

"நீ பேசற மாதிரியே இல்ல?"

அதில் ஒரு வார்த்தைகூட இவள் சொன்னதில்லை. இருந்தும் அப்படியே இவள் பேசுவது போலத்தான் இருந்தது.

இவளுடைய கைப்பைக்குள் ஃபோன் மணி அடித்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அக்கா மெல்லத் தன் ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"உன்னோடதுதான்டி அடிக்குது" என்றாள். "எடு."