ஏழாவது படி

...எதையோ விட்டிருக்கிறார், விடாமல் இப்படி வராது, நானூறு சவ்வில் ஒன்றில்கூட ஓட்டை விழவில்லையாம், யாருக்குக் காது குத்துகிறார் இந்தப் பொறியாளர்? பதினோரு வருஷம் இந்தக் கையால், கோப்பையின் ஊசித்துளைமேல் தூரிகையால் கொழுப்பைத் தடவித் தடவி, நாளுக்கு இருபது சவ்வு தேறினாலே பெரிய விஷயம், அதில் கிருமியைத் துளைத்துக் கொல்லுகிற அந்த மருந்து ஓட்டை போட்டதை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள், திரையில் மின்கோடு விருட்டென்று ஒரு படி ஏறும், ஏறினால் ஓர் ஓட்டை, அவளுக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தந்ததே அந்த ஓட்டைதான்... இப்போது இந்த மெஷின், எண்ணெய்க்குள் இரண்டு தண்ணீர்ச் சொட்டை உருட்டிவிடுகிறது, சொட்டு ஒவ்வொன்றும் கொழுப்பைப் போர்த்திக்கொள்கிறது, இரண்டும் ஒட்டுகிற இடத்தில் தானாகச் சவ்வு, தொட வேண்டாம், தடவ வேண்டாம், மூச்சைப் பிடிக்க வேண்டாம். தானாக நடக்கிற எதையும் அவள் நம்பியதில்லை.

மெஷினைக் கட்டிய பொறியாளருக்கு ஆய்வகத்தில் 'சொட்டு மருந்து' என்று பெயர், வாயைத் திறந்தால் சொட்டு, சொட்டை விட்டால் மருந்து. சாப்பிடப் போயிருக்கிறார், வர அரை மணி நேரமாகும். நேற்று இயக்குநர் அறையில் அவ்வளவு நேரம் என்ன பேச்சு? அவளைக் கண்டதும் ஏன் அந்தச் சிரிப்பு? "அக்கா, உங்க கையைப் பார்த்துத்தானே மெஷினுக்கே சொல்லிக்கொடுத்தேன்" என்று தேன் ஒழுக வேறு! மூன்று மணிக்குக் கூட்டம், அவள்தான் முதலில் பேச வேண்டும், மெஷின் தப்பு என்றால் மெஷின் மூலைக்குப் போகும், மெஷின் சரி என்றால் மருந்து நோயாளிகளிடம் போகாது, அவள் தன் கட்டுரையைத் தானே திரும்பப் பெற வேண்டும்... எண்ணெயைப் பார்த்தாயிற்று, உப்பைப் பார்த்தாயிற்று, மருந்துப் புட்டி அதே புட்டிதான். மிச்சம் அவருடைய நோட்டு. அடுத்தவர் நோட்டைப் பிரிப்பது தப்புதான், தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

'அக்காவின் கை' என்று தலைப்பு. அடப்பாவி, மூன்று நாள் பக்கத்தில் நின்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறாரே, துளையைத் துடைக்கிறார், தூரிகையை முக்குகிறார், ஐந்தாவது படி, மூச்சைப் பிடிக்கிறார்... சிரிப்பு வந்தது. ஏழாவது படியில் மட்டும் குறுக்கே சிவப்புக் கோடு. மாட்டிக்கொண்டாயா! விட்டது இதைத்தான்! ஆவலோடு படித்தாள்: 'மருந்துக் கோப்பையின் பழைய தூரிகை பிரிந்திருந்தால், உதட்டில் வைத்துக் கூராக்குகிறார்.' பக்கத்தில் பொடி எழுத்தில், 'மெஷினுக்கு உதடு இல்லை.' இதென்ன கூத்து, நானா, உதட்டிலா? கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற அப்பாவின் பழக்கமல்லவா அது... மருந்துக்குத் தனித் தூரிகை, ஒப்பிட்டுப் பார்க்கிற மருந்தில்லாத சவ்வுக்கு எப்போதும் புதுசு, ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதே என்கிற மகா ஜாக்கிரதை, புதுசு பிரியாது, பிரியாதது உதட்டுக்கு வராது, அப்படியென்றால் மருந்துக் கோப்பைக்கு மட்டும்... எச்சில்? கிருமியின் சவ்வைத் துளைக்கிற சரக்கு எச்சிலிலும் உண்டு, அவளே பாடம் எடுத்திருக்கிறாள். எல்லா நாளும் இருக்காது, சில நாள்தான் இருக்கும், எந்த நாள்? பதினோரு வருஷ நோட்டில் எங்கே எழுதியிருக்கிறாள், உதட்டை யார் எழுதுவார்? இவர் எழுதியிருக்கிறார். புரிந்து எழுதினாரா, புரியாமலா? புரியவில்லை என்றால் இந்த உலகத்தில் இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், மூன்று மணிக்கு, ஒரு படியை விட்டுவிட்டார் என்று மட்டும் சொன்னால் போதும், பொய்கூட இல்லை...

கதவு திறந்தது. நோட்டை மூடி, கைக்கு வேலை கொடுக்க எதையோ எடுத்துக்கொண்டாள்.

"சாப்பிடலையாக்கா?" ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நோட்டு இடம் மாறியிருப்பதைப் பார்த்தார், கோபப்படவில்லை, ஏன் கோபப்படவில்லை? "நான் ஏதாவது ஸ்டெப்பை விட்டுட்டேனா? சொல்லுங்க, மூணு மணிக்குள்ள சரி பண்ணிடலாம்."

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள். குரல் ஏனோ குழறி வந்தது. அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, சற்றுக் கீழே பார்த்தார், அப்படி என்னத்தைப் பார்க்கிறார் இந்த மனுஷன் என்று நினைத்தபோதுதான் தெரிந்தது, பழைய தூரிகையின் நுனி அவள் உதட்டில் ஈரமாக இருந்தது.