நாலு வாய்க் கார்

கதிர்காமத்தம்பியை நல்லரத்தினம் கூட்டிக்கொண்டு போன மத்தியானம் தன்னாமுனையில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அவனுடைய கெட்டித்தனமே அதுதான். மெயின் ரோட்டுச் சந்தியில் துப்பாக்கியோடு வரும் தன்னுடைய துவக்குக்காரனைக் காவலுக்கு இறக்கிவிடுவான். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே எஞ்சினை நிறுத்திவிடுவான். வந்த வேகத்தில் கார் சத்தமில்லாமல் உருண்டு வரும். வேண்டிய வீட்டு வாசற் படலையில் பிரேக்கை மெல்ல மிதித்து நிறுத்தி, "மச்சான், ஒரு நிமிசம் வாங்க" என்று கூப்பிடுவான். சோறு தின்று ஊரே கண் அயர்ந்து கிடக்கும் நேரம் பார்த்து வருவான். கூப்பிட்ட குரலில் அத்தனை மரியாதை இருக்கும். போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

கதிர்காமத்தம்பி வினாயகமூர்த்தியின் தங்கை புஸ்பத்தின் புருசன். மச்சான்மார் இருவரும் சேர்ந்துதான் வாவிக்கரை ஒழுங்கையில் வீட்டோடு ஒட்டிய கராஜை நடத்தினார்கள். யாருடைய வாகனம் பழுதென்று வந்தாலும் திருத்திக் கொடுத்தார்கள். அதில் ஏதோ ஒரு வாகனம் நல்லரத்தினத்தின் ஆட்களுக்குப் பிடிக்காதவர்களுடையது. குற்றம் அவ்வளவுதான்.

புஸ்பம் அந்த நேரம் பின்பக்கம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கார்க் கதவு சாத்தி எஞ்சின் கிளம்பிய சத்தந்தான் அவளுக்கு முதலில் கேட்டது. ஓடிவந்து பார்த்தபோது ஒழுங்கையில் புழுதிதான் இருந்தது. மாரி மழையும் வந்து போய்விட்டது, அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வரக்குள்ள ஒரு சத்தம் கேட்டிருந்தாக் காணும் அண்ணே. பின்னால தோணி கட்டிக் கிடந்தது. அந்தப் பக்கத்தால அக்கரை வவுணதீவுக்கு அனுப்பியிருப்பன்."

புருசனுடைய சோற்றுக் கோப்பையை, நீலக்கரை போட்ட பீங்கான் கோப்பை அது, நாள்தோறும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைப்பாள். அதில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது. ஆள் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவள் வேறென்ன செய்வாள்?

அப்படியிருக்க, ஒரு நாள் காலையில் அந்த நல்லரத்தினமே கராஜ் வாசலில் வந்து நின்றான். வெட்கம் என்ற சாமானை அவன் கடையில் விற்பதே இல்லை. புதிதாக ஒரு சிவப்பு லெவின் வைத்திருந்தான். இரண்டு கதவுள்ள ஸ்போர்ட்ஸ் கார். ஏறாவூரில் ஒரு முதலாளி குவைத் காசில் வாங்கியது. "இரவல் வாங்கினன்" என்றான். எப்படிப்பட்ட இரவல் என்று ஊருக்கே தெரியும். பின் சீற்றில் ஒரு பெட்டி கிடந்தது. திறந்து காட்டினான். கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து ஆள் விட்டு எடுப்பித்த த்ரொட்டில் தொகுதி. வழக்கமாக ஒரு எஞ்சினுக்குக் காற்றுப் போக ஒரு வாய்தான் இருக்கும். இதில் சிலிண்டருக்கு ஒன்றாக நாலு வாய்.

"மூர்த்தியண்ணே, சார்ஜாவில ரேஸ் காரெல்லாம் பாத்த ஆள் நீங்க எண்டு கேள்வி. இத எண்ட காருக்குப் பூட்டித் தாங்க."

"லேசான வேலை இல்ல."

"லேசான வேலைக்கி நான் ஏன் உங்ககிட்ட வாறன்?" என்று சிரித்தான். பிறகு அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, "உங்கட மச்சான் விசயம் எனக்கொண்டும் தெரியாது, கண்டியளா" என்றான். யாரும் கேட்காமலே சொன்னான்.

வினாயகமூர்த்தியின் கையில் அந்த நேரம் ஒரு பெரிய ஸ்பேனர் இருந்தது. அதை அவன் மண்டையில் இறக்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் ஒரு இனிப்புப் பரவியது. பொய் சொல்வானேன், அப்படித்தான் இருந்தது. ஆனால் படலையில் துவக்குக்காரன் நின்றான். ஸ்பேனரை மேசையில் வைத்துவிட்டு, "காரை விட்டிட்டுப் போங்க" என்றான்.

கார் கராஜுக்குள் வந்ததும் புஸ்பம் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"பிரேக்க வெட்டி விடுங்க அண்ணே."

"வெட்டினா மெயின் ரோட்டிலயே போய் ஆரோடயாவது மோதுவான். இல்லாட்டி இதுக்குள்ள ஆரையாவது ஏத்திட்டு வரக்குள்ள மோதுவான். அவனோட சேந்து அந்தப் பாவியும் சாவான் புள்ள."

"அப்ப அவன்ட காரை அழகு பாத்துக் குடுக்கப் போறயள். உங்களுக்குப் பயம். அதச் சொல்லுங்க முதல்ல."

அவன் காரின் மூடியைத் தூக்கினான். அன்றிலிருந்து அவள் அண்ணனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சோறு சமைப்பாள், சட்டியை மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். போட்டுக் கொடுக்கமாட்டாள். வினாயகமூர்த்தி தானே போட்டுத் தின்றான். 

வேலையைத் தொடங்கினான். பழைய ஒற்றை வாயையும் அதன் பின்னால் இருந்த பெரிய காற்றுப் பெட்டியையும் கழற்றினான். புதிய தொகுதியின் துளைகள் எஞ்சினின் துளைகளோடு பொருந்தவில்லை. தடித்த அலுமினியத் தகட்டை வெட்டி, இடையில் வைத்து, துளை துளையாக அரத்தால் ராவிப் பொருத்தினான். பாவியின் காருக்குச் செய்கிற வேலை என்றாலும் கை தப்பாகச் செய்யச் சம்மதிக்கவில்லை. கைக்கும் மனசுக்கும் எத்தனையோ நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

நாலையும் பூட்டி முடித்து, ஓட்டுநர் சீற்றில் ஏறி உட்கார்ந்து, சும்மா பிரேக்கை மிதித்தான். எஞ்சின் ஓடவில்லை. பெடல் அசையவில்லை, கல் மாதிரிக் கிடந்தது. பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாயை அவன் இன்னும் பூட்டவில்லை, அதுதான் காரணம். எஞ்சின் ஓடும்போது இழுக்கிற காற்றின் பலத்தில்தான் பிரேக் காலுக்கு இலகுவாகிறது. எஞ்சின் நின்றாலும் அந்தப் பலம் இரண்டு மூன்று மிதிக்குத் தங்கியிருக்கும். தங்க வைப்பது குழாய்க்குள் இருக்கும் ஒரு சின்ன வால்வு.

வினாயகமூர்த்தி அந்தச் சீற்றிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஆளைப் பிடிக்க வரும்போது நல்லரத்தினம் காரில் தனி ஆள். துவக்குக்காரன் சந்தியில். எஞ்சின் நின்றிருக்கும். பிடித்த ஆளோடு திரும்பிப் போகும்போது எஞ்சின் ஓடும். அந்த வால்வு இல்லாமல் போனால், ஓடுகிற கார் ஒழுங்காக நிற்கும். நிறுத்தி உருட்டுகிற கார் நிற்காது. திருடப் போகிற கையை மட்டும் கடிக்கிற பூட்டு. ஊரில் வேறு ஒருவருக்கும் அதனால் கெடுதி இல்லை.

வால்வைப் பிரித்து உள்ளிருந்த சின்ன றப்பரைக் கழற்றி வாவியில் எறிந்தான். வெற்று வால்வை மறுபடி குழாயில் பூட்டினான். புஸ்பத்திடம் சொல்லவில்லை. அவளுடைய கோபம் உண்மையான கோபமாக இருக்க வேண்டும், நல்லரத்தினம் அதைப் பார்க்க வேண்டும்.

பிறகு எஞ்சினை ஓட்டி, ஒரு றப்பர் குழாயைக் காதில் வைத்து, மறு நுனியை ஒவ்வொரு வாயிலும் பிடித்துக் கேட்டான். ஒன்று கூட இரைந்தது, ஒன்று குறைய இரைந்தது. நாலும் ஒரே மாதிரி இரையும்வரை திருகுகளைத் திருகினான். மேலே மூடி எதுவும் போடவில்லை. வாய்களுக்கு நீளமான ஊதுகுழல் போலத் தகட்டுக் கூம்பு வைத்தான். அக்சிலேட்டரை மிதித்தபோது கராஜ் கூரைத் தகரம் அதிர்ந்தது. அக்கரையில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதுவும் அவன் வேண்டுமென்றே செய்ததுதான்.

நல்லரத்தினம் வந்தான். சத்தத்தைக் கேட்டதும் அவனுக்குச் சந்தோசத்தில் வாய் காதுவரை போனது.

"சிங்கம் மாதிரி இரிக்கு!"

"ஒரு விசயம்" என்றான் வினாயகமூர்த்தி. வேலியோரம் நின்ற நாலு பேருக்கும், அடுப்படியில் நின்ற தங்கைக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னான். "இது நாலு வாய் எஞ்சின். நிப்பாட்டினாப் பிரேக்குக்குப் பலம் இல்ல. எஞ்சின் ஓடக்குள்ள ஒரு குறையுமில்ல. நிப்பாட்டிப்போட்டு உருட்டாதீங்க. இப்ப நிண்டு கிடக்கு, மிதிச்சுப் பாருங்க."

நல்லரத்தினம் மிதித்தான். "ஓம், கல்லாத்தான் கிடக்கு. மறுகா ஸ்டார்ட் பண்ணினா?"

"பஞ்சு."

ஸ்டார்ட் பண்ணி மிதித்தான். பஞ்சு. சிரித்துக்கொண்டே காரை வெளியே எடுத்தான். புஸ்பம் வேலியோரம் வந்து, அண்ணன் நின்ற பக்கமாகக் காறித் துப்பினாள். "கொலைகாரனுக்குப் புத்திமதி வேற" என்றாள். வினாயகமூர்த்திக்கு அது செருப்படி போல விழுந்தது. 

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேடிக்கை. அந்தக் கார் ஏறாவூரில் புறப்பட்டால் தன்னாமுனையில் கேட்டது. வாவியைத் தாண்டி வவுணதீவு வயல் வட்டைகளில் வேலை செய்தவர்களுக்கும் கேட்டது. சனம் அதற்கு, காளை மாதிரிக் கத்துவதால், நாம்பன் என்று பேர் வைத்தது. "நாம்பன் கத்துது" என்று ஒரு வீட்டில் சொன்னால் பத்து வீட்டு இளந்தாரிகள் கரைக்குப் போய்விடுவார்கள். நல்லரத்தினம் போகிற இடமெல்லாம் சூடு ஆறாத சோறும் கவிழ்ந்த செருப்பும்தான் கண்டான். ஆள் இல்லை. அவனுடைய மேலாட்கள் அவனைப் பரிகாசம் செய்யத் தொடங்கினார்கள்.

ஒரு நாள் கராஜுக்கு வந்தான்.

"இந்தச் சத்தத்தக் குறைங்க."

"பழைய பெட்டியப் பூட்டலாம். நாலு வாயையும் கழட்டிப்போட வேணும். பழையபடி சாதாரணக் கார்தான்."

கழற்ற அவனுக்கு மனம் வரவில்லை. டவுனில் அந்தக் கார் போனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நிமிர்ந்து வினாயகமூர்த்தியையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் ஏதோ ஒன்று அவன் மண்டையில் உதித்திருக்க வேண்டும்.

"நீ வேணுமெண்டுதான் செஞ்சிரிக்கா, என்ன?" என்றான். 'அண்ணே' போய் 'நீ' வந்துவிட்டது. "பாப்பம்."

அவன் பார்க்கத்தான் போகிறான் என்று வினாயகமூர்த்திக்குத் தெரிந்தது. பயம் இல்லையென்று சொல்ல முடியாது.  ஆனால் எங்கும் போகவில்லை. பழகிய கை பழகியதைத்தான் செய்யும், அதிலும் கோபத்தில் நிச்சயம் செய்யும் என்று நம்பினான். தன் உயிரை அந்த நம்பிக்கையின் மேல்தான் வைத்திருந்தான்.

அடுத்த கிழமை ஒரு மத்தியானம் நாம்பன் கத்தியது. ஒழுங்கையில் இருந்த இளந்தாரிகள் பின்பக்கத்தால் ஓடினார்கள். புஸ்பம் அடுப்படியிலிருந்து வந்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் அண்ணனோடு பேசினாள்.

"அண்ணே, உங்களத் தேடித்தான் வாறான். எழும்புங்க. தோணி நிக்கிது."

"இரி புள்ள."

"உங்களயும் குடுத்திட்டு நான் இருக்க ஏலாது! எழும்புங்க!"

சத்தம் சந்திவரை வந்தது. கொஞ்சம் நின்றது, துவக்குக்காரன் இறங்குகிறான். மறுபடி கத்தியது, முன்னதைவிட மூர்க்கமாக. பிறகு ஒரேயடியாக நின்றுபோனது.

வினாயகமூர்த்தி எழும்பிப் படலைக்கு ஓடினான். சிவப்புக் கார் சத்தமில்லாமல் ஒழுங்கையில் பாய்ந்து வந்தது. கண்ணாடி இறக்கியிருந்தது. நல்லரத்தினத்தின் முகம் தெரிந்தது. கை இரண்டும் ஸ்டேரிங்கை இறுக்கியிருந்தன, தோள் குலுங்க மிதித்துக்கொண்டிருந்தான். எழும்பி நின்று இரண்டு காலாலும் மிதித்தால் ஒருவேளை நின்றிருக்கும். அதை யோசிக்க அவனுக்கு நேரம் இல்லை. கார் படலையைத் தாண்டியது, ஒழுங்கை முடிவில் இருந்த ஓலைவேலியைப் பிய்த்துக்கொண்டு வாவிக்குள் போனது. வீடு கட்ட மண் அள்ளி அள்ளி ஆள்தாழப் பள்ளமாகிப் போன இடம் அது. பிள்ளைகளை அந்தப் பக்கம் யாரும் விடுவதில்லை.

வினாயகமூர்த்தி போய்ச் சேருமுன்னே புஸ்பம் தோணியில் இருந்தாள். காரின் முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. நல்லரத்தினம் ஜன்னலால் வெளியே வந்து பின்பக்கத்தைப் பிடித்துத் தொங்கினான்.

"மச்சாள், கம்ப நீட்டுங்க! எனக்கு நீந்தத் தெரியாது!"

அவள் தோணி தள்ளும் கம்பை நீட்டினாள். அவன் கைக்கு ஒரு முழம் எட்டாமல் பிடித்துக்கொண்டாள்.

"அவர் எங்க?"

"முதல்ல கம்பத் தாங்க மச்சாள்!"

"அவர எங்க வெச்சிரிக்கா?"

கார் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அவன் வாய்க்குள் தண்ணீர் போனது.

"இல்ல. அண்டைக்குப் பின்னேரமே முடிஞ்சி. நான் செய்யல்ல, மத்தவங்கதான். கம்பத் தாங்க!"

புஸ்பம் கம்பை இழுத்து மடியின் குறுக்கே வைத்துக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கரையில் சனம் சேர்ந்திருந்தது. ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. வினாயகமூர்த்திக்கு நன்றாக நீந்தத் தெரியும். அவனும் நின்ற இடத்தில் நின்றான்.

சந்தியில் நின்ற துவக்குக்காரனுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே போன கார் சத்தம் போடாது என்பது அவனுக்குப் பழக்கம். திரும்பி வரும் சத்தத்துக்காக வெகுநேரம் காத்திருந்தான். பிறகுதான் வந்து பார்த்தான். எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "நிப்பாட்டி உருட்ட வேணாமெண்டு மூர்த்தியண்ணன் எல்லாருக்கும் முன்னால சொன்னவர். கேக்கல்ல." அந்த வார்த்தையில் ஒரு பொய்யும் இல்லை.

பொழுது சாயும்போது வினாயகமூர்த்தி வீட்டுக்கு வந்தான். கிணற்றடியில் கைகால் கழுவிவிட்டு, வழக்கம்போலத் தானே சட்டியைத் திறக்கப் போனான். புஸ்பம் அவன் கையை விலக்கினாள். அவள் கண் சிவந்து வீங்கியிருந்தது. கவிழ்த்து வைத்திருந்த நீலக்கரைக் கோப்பையை எடுத்து நிமிர்த்தினாள்.

"இருங்க அண்ணே" என்று சொல்லி, அதில் சோற்றைப் போட்டாள்.